ஒரு பைசாவிலிருந்து எட்டு ரூபாய் வரை: மின்கட்டணமும் நம் குரலும்



லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் ஒட்டப்படுகிறது. பொது மீட்டரின் கரண்ட் பில். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மாடிப்படி விளக்கு, வாசல் விளக்கு எல்லாம் சேர்ந்த கணக்கு. அதைப் பார்த்து "இவ்வளவா?" என்று கேட்காதவர் நம்மில் யாரும் இல்லை. கேட்டுவிட்டு லிஃப்டில் ஏறிப் போய்விடுகிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. கட்டணம் உயர்வதற்கு முன்பே அங்கே போய்க் கேட்கலாம். பதில் சொல்லவேண்டிய கடமை எதிர்த் தரப்புக்கு உண்டு. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்தான் அந்த இடம். அது நமக்கு எப்படிக் கிடைத்தது, அதற்கு முன்பு மக்கள் எங்கே நின்று கேட்டார்கள், 2022-ல் நாம் ஏன் அங்கே இல்லாமல் போனோம் என்பதுதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

கேட்க இடமில்லாத காலம்

நம் மாநிலத்தில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. சென்னை நகருக்கு மின்சாரம் கொடுத்துவந்த தனியார் கம்பெனியை அரசு 1947-ல் எடுத்துக்கொண்டது. 1948-ல் மின்வழங்கல் சட்டம் வந்தது. அதன்படி 1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் உருவானது. மூலை முடுக்கெல்லாம் கம்பி இழுத்து விளக்கு ஏற்றிய பெருமை அந்த வாரியத்தைச் சேரும்.

ஆனால் கட்டணத்தை யார் நிர்ணயித்தார்கள்? வாரியமும் அரசும்தான். யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பது கோட்டையில் முடிவாகும். மறுநாள் பேப்பரில் வரும். பணம் கட்டுகிறவரை யாரும் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று சட்டத்திலும் இல்லை. நீதிமன்றத்துக்குப் போனாலும் பெரிதாகப் பயன் இருக்கவில்லை. விலை நிர்ணயம் சட்டம் இயற்றுவதைப் போன்ற வேலை, சட்டம் தனியாக வழி செய்யாதவரை ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்க வேண்டியதில்லை என்பதே நீதிமன்றங்களின் பார்வை. 1987-ல் மருந்து விலை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது.

கேட்க இடம் இல்லாவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்? ரோட்டுக்குத்தான்.

ஒரு பைசாவுக்காக

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். 1970-ல் விவசாய பம்புசெட்டுகளுக்கான மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. இன்றைக்கு இரண்டு பைசா நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். கிணற்றில் நூறடிக்குக் கீழே போய்விட்ட தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துப் பருத்தியும் கரும்பும் வளர்த்தவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். 1970 ஜூன் 19 அன்று திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். பிறகு ஒரு பைசா குறைக்கப்பட்டது.

1972-ல் 9 பைசா 12 பைசாவானது. மறுபடியும் போராட்டம். மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயம்புத்தூர் நகரச் சாலைகளை நிறைத்தார்கள். ஜூலை 5 அன்று பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து மேலும் பல உயிர்கள் போயின. அந்த நாளை விவசாயிகள் தியாகிகள் தினமாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதன் வேர் இந்தப் போராட்டங்களில்தான் இருக்கிறது.

அந்த விவசாயிகள் கேட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். "இந்த இரண்டு பைசாவை எந்தக் கணக்கில் ஏற்றினீர்கள்? எங்களைக் கேட்டீர்களா?" இதைக் கேட்க ஒரு மேசையும் நாற்காலியும் அன்று இருந்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்குமோ என்னவோ. எப்படியானாலும், பின்னால் வந்த அந்த நாற்காலியின் விலை என்ன என்பதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஒடிசாவில் திறந்த கதவு

1990-களில் மாநில மின்வாரியங்கள் கடனில் மூழ்கத் தொடங்கின. கட்டணத்தை அரசியலிலிருந்து பிரித்து ஒரு தனி அமைப்பிடம் கொடுத்தால்தான் முதலீடு வரும் என்று பேசப்பட்டது. ஒடிசா 1995-ல் தனிச் சட்டம் இயற்றி, 1996-ல் நாட்டின் முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. 1998-ல் மத்திய அரசின் ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டம் வந்தது.

இந்த ஆணையங்கள் முதன்மையாக நுகர்வோருக்காகப் பிறந்தவை அல்ல. முதலீட்டாளருக்கு நம்பிக்கை கொடுக்கவே பிறந்தவை. ஆனால் ஒரு நீதிமன்றத்தைப் போல எல்லாத் தரப்பையும் கேட்டு, காரணம் எழுதித் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று விதி வைத்தபோது, பணம் கட்டுகிறவருக்கும் உள்ளே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை மகாராஷ்டிரம் காட்டியது. அங்கே ஆணையம் 1999-ல் அமைந்தது. நுகர்வோர் தரப்பைப் பேச நான்கு அமைப்புகளுக்கு அது அங்கீகாரம் கொடுத்தது. புனேயின் பிரயாஸ், மும்பை கிராஹக் பஞ்சாயத் ஆகியவை அவற்றில் அடங்கும். அதுவரை அந்த மாநில மின்வாரியம் தன் மின்னிழப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்றே சொல்லிவந்தது. ஆணையத்தின் முன்னால் கணக்கை விரித்து வைக்க நேர்ந்தபோது அது 30 சதவீதத்தைத் தாண்டியது. மீட்டர் இல்லாத பம்புசெட்டுகள் ஏராளம். திருட்டிலும் கசிவிலும் போன மின்சாரத்தின் ஒரு பகுதி இத்தனை காலமும் 'விவசாயப் பயன்பாடு' என்ற தலைப்பில் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கைப் படிக்கத் தெரிந்த சிலர் உட்கார்ந்து கேட்டதால் அது வெளியே வந்தது.

ஆந்திரத்தில் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஆணையம் 2000 மே மாதம் முதல் கட்டண ஆணையை வெளியிட்டது. உயர்வு பெரிதாக இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று ஐதராபாத் பஷீர்பாகில் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. கூட்டம் நடத்திவிட்டால் மட்டும் போதாது, சொன்னது கேட்கப்பட்டது என்று மக்களுக்குத் தோன்றவும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

உரிமையா, சலுகையா?

கருத்துக்கேட்பு என்பது ஆணையம் மனம் வைத்து அளிக்கும் சலுகையா, நமக்குள்ள உரிமையா? இந்தக் கேள்வி மேற்கு வங்கத்தில் எழுந்தது. ஆணையம் நிர்ணயித்த கட்டணம் போதாது என்று கல்கத்தாவுக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனம் உயர் நீதிமன்றம் போனது. லட்சக்கணக்கான நுகர்வோரை வரம்பில்லாமல் விசாரிக்க முடியாது, அவர்களுக்கு அப்படியொரு உரிமையும் இல்லை என்ற நிலையை உயர் நீதிமன்றம் எடுத்தது.

உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 3 அன்று இதை மாற்றியது. கட்டண நிர்ணயத்தில் தங்கள் தரப்பைச் சொல்ல நுகர்வோருக்குச் சட்டம் உரிமை தருகிறது. கூட்டம் சந்தைக்கடையாகிவிடாமல் இருக்க, யார் எப்படிப் பேசலாம் என்று விதி வகுத்துக்கொள்ள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்னொன்றும் சொன்னது. தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட கணக்கு என்பதற்காக ஆணையம் அதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை, செலவு நியாயமானதா என்று தானே ஆராயலாம். நாம் ஒரு செலவைச் சுட்டிக்காட்டிக் கேட்பதற்கு அர்த்தம் இருப்பது இதனால்தான்.

2003 ஜூன் 10 அன்று நடைமுறைக்கு வந்த மின்சாரச் சட்டம் இதை மேலும் உறுதியாக்கியது. அதன் 64-ஆம் பிரிவை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டண உயர்வு கேட்கும் நிறுவனம் தன் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களிடமிருந்து வந்த ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, 120 நாட்களுக்குள் ஆணையம் முடிவு சொல்லவேண்டும். 94-ஆம் பிரிவின்படி நுகர்வோர் தரப்பைப் பேச ஒருவரை ஆணையமே அமர்த்தவும் முடியும்.

நம் மாநிலத்தின் கதை

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999 மார்ச் 17 அன்று அமைந்தது. அதன் முதல் கட்டண ஆணை 2003 மார்ச் 15 அன்று வந்தது. அடுத்தது எப்போது? 2010 ஜூலை 31. நடுவில் ஏழு வருடம் எதுவும் இல்லை.

ஏழு வருடம் கட்டணம் ஏறவில்லை என்றால் நமக்கு லாபம்தானே என்று தோன்றும். அப்படி இல்லை. நிலக்கரி விலையும் சம்பளமும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. வராத பணத்துக்குக் கடன், கடனுக்கு வட்டி. 2017 ஜனவரியில் உதய் திட்டத்தின்கீழ் மின்கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசே தலையில் ஏற்றுக்கொண்டது. அது யார் பணம்? நம் வரிப்பணம். கட்டணம் ஏறாத வருடங்களில் கருத்துக்கேட்பும் நடப்பதில்லை என்பது இதைவிடப் பெரிய நஷ்டம். வீண் செலவு எங்கே, இழப்பு எவ்வளவு என்று வருடா வருடம் கேட்கவேண்டியதைக் கேட்க வழியில்லாமல் போகிறது.

இது பல மாநிலங்களின் நோய். அதனால் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பர் 11 அன்று எல்லா ஆணையங்களுக்கும் ஓர் உத்தரவு போட்டது. கட்டணத்தை வருடந்தோறும் பரிசீலியுங்கள், நிறுவனம் மனு போடாவிட்டால் நீங்களாகவே எடுத்து விசாரியுங்கள் என்றது. நம் ஆணையம் 2012-லும் 2013-லும் ஆணைகள் வெளியிட்டது. 2014 டிசம்பரில் மனு வராமலேயே தானாக எடுத்து விசாரித்துக் கட்டணத்தை மாற்றியது. 2017-க்குப் பிறகு மறுபடியும் ஒரு நீண்ட இடைவெளி.

2022 ஆகஸ்ட்

இப்போது நம் அறிவிப்புப் பலகைக்கு வருவோம்.

2022 ஜூலை 18 அன்று மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் ஆணையத்திடம் மனு கொடுத்தது. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் தொடரும் என்பது தலைப்புச் செய்தியானது. நாமும் அதைப் பார்த்து நிம்மதியடைந்தோம். அடுக்குமாடிகளின் பொது மீட்டருக்குத் தனியாக ஒரு பிரிவு உருவாக்கும் யோசனை அதே மனுவில் இருந்தது. அதுவரை பொது விளக்கும் மோட்டாரும் லிஃப்டும் வீட்டுக் கட்டணத்திலேயே, அதே படிநிலைகளுடன் கணக்கிடப்பட்டன.

ஆகஸ்ட் 16-ல் கோயம்புத்தூர், 18-ல் மதுரை, 22-ல் சென்னை கலைவாணர் அரங்கம் என்று மூன்று இடங்களில் கருத்துக்கேட்பு நடந்தது. தொழிற்சங்கத்தினர் வந்தார்கள். சிறுதொழில் நடத்துவோர் வந்தார்கள். நூற்பாலைக்காரர்கள் வந்தார்கள். நுகர்வோர் அமைப்புகள் வந்தன. ஆணையத்தில் சட்டத்துறை உறுப்பினர் இல்லாமல் முடிவெடுக்கலாமா என்ற கேள்வியை நூற்பாலைகள் சங்கம் ஒன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை கொண்டுபோனது. தனி நீதிபதி தடுத்தார், இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. அந்தக் கேள்விக்கு அடிப்படை 2018-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. ஆணையத்தில் சட்டம் அறிந்த ஓர் உறுப்பினராவது இருந்தே ஆகவேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அந்த வழக்கில் குஜராத் அரசை எதிர்த்து நின்றது நம்மைப் போன்ற ஒரு பயன்பாட்டாளர் நலச் சங்கம்தான்.

நம் சங்கம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அந்த மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பார்க்கிங் கோடு போடுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். மின்கட்டண மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஆகவே இது யார் மேலும் குற்றம் சொல்வதற்காக அல்ல.

செப்டம்பர் 9 அன்று ஆணை வந்தது. மறுநாளிலிருந்து பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய், அதோடு கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் நிலைக்கட்டணம். அடுத்த பில் பலகையில் ஏறியபோதுதான் நமக்குத் தெரிந்தது. அப்போது கேட்பதற்கு நாள் கடந்துவிட்டது.

2023 அக்டோபரில் ஒரு சலுகை வந்தது. பத்து வீடுகளுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்கு மேற்படாமல், லிஃப்டும் இல்லாத சிறிய குடியிருப்புகளின் பொது மீட்டருக்கு யூனிட் 5 ரூபாய் 50 காசு என்று முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் லிஃப்ட் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அதற்கு வெளியே நிற்கிறோம். முட்டிவலியோடு நான்காவது மாடியில் இருக்கும் பெரியவர்களுக்கு லிஃப்ட் ஆடம்பரமா, அவசியமா? இதுவே ஆகஸ்ட் 22 அன்று அந்த அரங்கத்தில் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கேட்டிருந்தால் கட்டணம் குறைந்திருக்கும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் வந்த ஆட்சேபணை, அதற்கு நிறுவனத்தின் பதில், ஆணையத்தின் முடிவு என்று எல்லாவற்றையும் ஆணை பதிவு செய்கிறது. அந்தப் பதிவில் நம் பெயர் இல்லை.

அடுத்த முறைக்கு

2022-ல் வந்த ஆணை 2026–27 நிதியாண்டு வரைக்குமானது. நடுவில் ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீடு அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவு ஏறலாம் என்ற சூத்திரத்தையும் அதிலேயே வைத்துவிட்டார்கள். அதனால்தான் ஜூலை மாற்றங்களுக்கு 2022-ல் நடந்ததைப் போன்ற கூட்டம் கிடையாது. 2027 மார்ச்சோடு இந்தக் காலம் முடிகிறது. அடுத்து வரும் மனுதான் நமக்கான வாய்ப்பு. அதற்குத் தயாராக வேண்டியது இப்படி:

ஒன்று, அறிவிப்பைத் தவறவிடக் கூடாது. மனுவின் சுருக்கம் நாளிதழ்களில் வரும். முழு மனுவும் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். அனுப்பவேண்டிய முகவரியும் கடைசித் தேதியும் அறிவிப்பிலேயே இருக்கும்.

இரண்டு, நம் பிரிவைப் பற்றி மட்டும் எழுதுவோம். "கட்டணத்தை ஏற்றாதீர்கள்" என்று எழுதினால் அது ஆயிரத்தில் ஒன்றாகப் போகும். "எங்கள் பொது மீட்டரில் மாதம் இத்தனை யூனிட், அதில் மோட்டாருக்கு இவ்வளவு, லிஃப்டுக்கு இவ்வளவு, எல்லாமே வீட்டுப் பயன்பாடு. தனி வீட்டுக்காரர் மோட்டாருக்கு வீட்டுக் கட்டணம் கட்டும்போது எங்கள் மோட்டாருக்கு ஏன் வேறு கட்டணம்?" என்று பில்களை இணைத்து எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்று, கூட்டத்தில் பேச விரும்புகிறோம் என்று கடிதத்திலேயே குறிப்பிடுவோம். வக்கீல் வேண்டாம், ஆட்சேபணைக்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எழுதிக்கொண்டு போய்ப் படித்தாலும் போதும். சங்கத்தின் பெயரில் ஒருவர் பேசினால் எல்லா வீடுகளும் பேசியதாகும்.

நான்கு, எதை அங்கே கேட்கக் கூடாது என்பதும் தெரியவேண்டும். உங்கள் வீட்டு மீட்டர் தவறாக ஓடுகிறது என்றால் அதற்கு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். மானியம் வேண்டும் என்றால் அதைத் தரவேண்டியது அரசு. ஆணையின் மீதே குறை இருந்தால் 45 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

என் வேண்டுகோள் இதுதான். 2022 செப்டம்பர் முதல் இன்றுவரையுள்ள பொது மீட்டர் பில்களை எடுத்து ஓர் அட்டவணை போடவேண்டும். கணக்குத் தெரிந்த இரண்டு பேர் முன்வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்களோடு பேச இன்னும் ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

பெருமாநல்லூரில் மூன்று பேர் ஒரு பைசாவுக்காக உயிரைக் கொடுத்தார்கள். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு கடிதமும் ஒரு நாள் லீவும்தான்.